பாறைக்கு வெள்ளையடித்த பேரவை

நகா ஸுவைல் கிராமத்துக்குப் பின்னால் இருந்த குன்றை அரசாங்கம் கவனிக்காத வரைக்கும் அதற்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ஆடுகள் ஏறின, இறங்கின. பாலைவனத்துக் காற்று மணலை வாரி இறைத்துவிட்டுப் போயிற்று. வருஷத்தில் சில நாட்கள், பல்கலைக்கழகத்தில் பாறைகளை ஆராய்கிற டாக்டர் இன்ஸாஃப் தன் பழைய காரில் வந்து இறங்குவாள்; குன்றின் அடியில் மண்டியிட்டு உட்கார்ந்து, தூரிகையால் தூசு தட்டி, கத்தியால் சுரண்டி, சின்னப் பைகளில் மண் எடுத்துக்கொண்டு போவாள். அப்புறம் லுக்ஸர் நகரத்தில் 'தொல்பாறைப் பாதுகாப்பு உயர் பேரவை' என்று ஒன்று ஏற்பட்டது. பாதுகாப்பு தொடங்கிய நாளிலிருந்து பாறைக்குப் போதாத காலமும் தொடங்கியது.

அந்தக் குன்றில், இரண்டு வெளிறிய பாறை அடுக்குகளுக்கு நடுவே, முழங்கை உயரத்துக்குச் சாம்பல் நிறக் களிமண் அடுக்கு ஒன்று ஓடியது. ஐந்தரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் அந்த இடம் கடலாக இருந்தபோது படிந்த சேறு அது. கரியில், அதாவது கார்பனில், கனமானது, இலேசானது என்று வகைகள் உண்டு. காற்றில் இலேசான கரி திடீரென்று மிகுந்துபோனால், கடலடிச் சேற்றிலும் அது மிகும். அந்தச் சாம்பல் அடுக்கில் அப்படித்தான் மிகுந்திருந்தது. எங்கிருந்தோ கரிவாயு கிளம்பிக் காற்றில் கலந்து, உலகமே ஐந்து டிகிரி சூடாகி, கடலடி உயிர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்த காலம் அது.

எவ்வளவு சூடு என்பது ஏறக்குறையத் தெரியும். எவ்வளவு வேகமாகச் சூடானது என்பதுதான் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இன்றைக்கு மனிதர்கள் புகையை ஏற்றுகிற வேகத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது இன்ஸாஃபின் பல வருஷத்து ஆசை. அதற்கு அந்த அடுக்கை மயிரிழை மயிரிழையாக உரித்து எடுத்து அளக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் மற்ற இடங்களிலெல்லாம் அடுக்கு மெலிந்து கிடந்தது. இந்த ஒரு குன்றில்தான் தடிமனாக, கலையாமல் இருந்தது.

அதனால் அவள் பேரவைக்கு அனுமதி கேட்கப் போனாள்.

வெளியே லுக்ஸர் வறுபட்டுக்கொண்டிருந்தது. உள்ளே குளிர்சாதனம் போட்ட போட்டில் ஊழியர்கள் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேரவையின் செயலாளர் உஸ்தாத் ஃபிக்ரி, கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு அவளை வரவேற்றார். சுற்றுலாத் துறையில் இருந்தவர். ஆங்கிலம் தெரியும் என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் நினைவுபடுத்துகிறவர்.

"கல்லை எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவீங்க, டாக்டர்?"

"பொடி பண்ணுவேன்."

ஃபிக்ரியின் பேனா நின்றது. "தேசியச் சொத்தைப் பொடி பண்ணுவீங்களா?"

"ஒரு தீப்பெட்டி அளவுதான் உஸ்தாத். பொடி பண்ணி, அமிலத்துல கரைச்சு, வர்ற வாயுவை அளக்கணும்."

"அளந்த பிறகு கல்லைத் திரும்பக் கொண்டுவந்து அந்த இடத்துலயே வெச்சிருவீங்கல்ல?"

"கரைஞ்சு போயிருமே!"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. பழையபடி கல்லா ஆக்கித் தர்றேன்னு ஒரு உறுதிமொழி குடுத்துருங்க. எப்படி ஆக்குவீங்கங்கிறது உங்க விஞ்ஞானம். அதுல நாங்க தலையிட மாட்டோம்."

இன்ஸாஃப் மூச்சை இழுத்து விட்டாள். அந்த இடம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது, சேறு படிந்து படிந்து பாறையானது என்று முதலிலிருந்து விளக்கினாள். அதுதான் அவள் செய்த தப்பு. ஃபிக்ரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கடலா? முதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப கடற்படைகிட்ட ஆட்சேபணை இல்லைன்னு வாங்கணுமே!"

கடற்படை பதில் அனுப்ப குளிர்காலம் ஆயிற்று. மேற்படி கடலில் தங்கள் கப்பல் எதுவும் தற்போது இல்லை என்று அவர்கள் தெரிவித்தார்கள். அதன் பிறகுதான் பேரவைத் தலைவரைப் பார்க்க அவளுக்கு நேரம் கிடைத்தது.

தலைவர், ஓய்வுபெற்ற ஜெனரல் மம்தூஹ் ஷல்கானி. எல்லாரும் பாஷா என்பார்கள். வாழ்நாள் முழுக்கப் பீரங்கிப் படையில் இருந்தவர் என்பதால் பாறைகளைப் பற்றி அவருக்குத் தெரியும் என்று மேலிடம் கருதியிருந்தது.

"சுருக்கமாச் சொல்லுங்க டாக்டர். கரி எவ்வளவு குறையுது?"

"கனமான கரியோட பங்கு மூணு குறையுது, பாஷா."

"நூத்துக்கு மூணா?"

"ஆயிரத்துக்கு மூணு."

ஜெனரல் ஃபிக்ரியைப் பார்த்தார். ஃபிக்ரி தரையைப் பார்த்தார்.

"ஆயிரத்துக்கு மூணுக்கு ஒரு மந்திரி லுக்ஸர் வரைக்கும் வருவாராம்மா? தேதி வாங்கிட்டேன். பந்தலுக்குச் சொல்லியாச்சு. கொஞ்சம் பாத்து, ஒரு நல்ல எண்ணாக் குடுக்கக் கூடாதா?"

"நான் குடுக்குற எண் இல்ல பாஷா. பாறை குடுக்குறது."

"பாறை பேரவைக்குக் கீழ வருது. பேரவை எனக்குக் கீழ வருது," என்றார் ஜெனரல், குழந்தைக்குச் சொல்வதுபோல. கடைசியில் அனுமதி கொடுத்தார். ஒரே நிபந்தனை: பாதுகாக்கப்பட்ட குன்றைத் திறந்துவைக்கும் விழாவில், மந்திரியின் முன்னிலையில், மேடையிலிருந்து இறங்கி வந்து, இன்ஸாஃப் முதல் மாதிரியை எடுக்க வேண்டும். பேரவையே அதற்கு முத்திரை வைத்து வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். அது முடிந்த பிறகு அவள் என்ன வேண்டுமானாலும் உரித்துக்கொள்ளலாம்.

குன்றைச் சுற்றிக் கம்பிவேலி வந்திருந்தது. காவலுக்கு அந்தக் கிராமத்து ஆள் கினாவியைப் போட்டிருந்தார்கள். அதற்கு முன்பும் இன்ஸாஃப் வரும்போதெல்லாம் தேநீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கிண்டல் பண்ணுகிறவன்தான். இப்போது பித்தளைப் பொத்தான் வைத்த கனத்த கம்பளிச் சட்டையில் நின்றான். கோடைக்கான சீருடையின் நிறத்தை முடிவுசெய்யும் உபகுழு இன்னும் கூடவில்லை.

"என்ன கினாவி அண்ணே, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க?"

"மாப்பிள்ளையா? அடுப்புக்குள்ள வெச்ச ரொட்டி மாதிரி இருக்கேன் டாக்டரம்மா. என் பொண்டாட்டி பஹீயா மாவைப் பிசைஞ்சு வெயில்ல வெச்சுப் பொங்க வெப்பா. இனிமே மாவை வெளிய வெக்க வேணாம், உங்க சட்டைப் பையில வெச்சு அனுப்புறேங்கிறா."

"நிழலுக்கு ஒரு கொட்டகை கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. பாதுகாக்கப்பட்ட இடமாம். உள்ள எந்தக் கட்டுமானமும் கூடாதாம். குடை பிடிச்சா, அதுவும் தற்காலிகக் கட்டுமானமாம்." அவன் சிரித்தான். "அப்படி என்னதான் இருக்கு இந்த மண்ணுல? திருட வர்றவன் எதைத் திருடணும்னாவது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?"

இன்ஸாஃப் சொன்னாள். முன்னொரு காலத்தில் உலகம் கொதித்த கதையை அவன் கம்பிவேலியில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"அப்ப வெயிலுக்கே நான் காவலா?" என்றான். "அதான் என்கிட்ட இவ்வளவு பாசமா இருக்கு."

விழா ஜூன் மாதத்தில் வந்தது. மந்திரிக்கு அப்போதுதான் ஒழிந்ததாம். அந்த வாரம் முழுக்க அனல் காற்று வீசியது. கிராமத்தில் பாதி நாள் மின்சாரம் இல்லை. கோழிகள் கூண்டிலேயே செத்து விழுந்தன. விழாவன்று காலை இன்ஸாஃப் காரை நிறுத்திவிட்டு இறங்கியவள், குன்று இருந்த திசையைப் பார்த்ததும் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் தடுமாறினாள்.

குன்று வெள்ளையாக இருந்தது.

மந்திரி வரும் பாதையில் ஓரக்கல், மரத்தடி, மின்கம்பம் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடிப்பது அந்த நாட்டு வழக்கம். அடித்துக்கொண்டே வந்த ஆட்கள் குன்றின் அடியிலும் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அது மட்டும் என்றால்கூடச் சுரண்டிவிடலாம். சாம்பல் அடுக்கு உதிர்ந்து மந்திரியின் காலணியில் படும் என்று, கொத்தர்களை விட்டு அதைக் கை நுழைகிற ஆழத்துக்குத் தோண்டி எறிந்து, அந்தப் பள்ளம் நெடுக நீற்றின சுண்ணாம்பைக் குழைத்து அடைத்து, மட்டப்பலகை வைத்துத் தேய்த்திருந்தார்கள். அதற்கும் உள்ளே இருந்த களிமண்ணோ, கடப்பாரை அடியில் பிளந்து, விட்ட தண்ணீரில் ஊறிக் குழம்பிப் போயிருந்தது. மயிரிழையாக உரிக்க அங்கே இனி ஒன்றும் இல்லை.

தோண்டி எடுத்த மண் எங்கே என்று அவள் கேட்டபோது கினாவி கார் நிறுத்துமிடத்தைக் காட்டினான். பள்ளம் மேட்டை நிரவ அதைத்தான் போட்டிருந்தார்கள். அதன் மேல் சாலை உருளை ஓடியிருந்தது. அவளுடைய காரும் அதன் மேல்தான் நின்றது.

"நான் கத்தினேன் டாக்டரம்மா," என்றான் கினாவி. அவன் உதடு வெடித்திருந்தது. "இதைத் தொடக் கூடாது, இதுக்குத்தான் என்னைக் காவலுக்குப் போட்டிருக்குன்னு சொன்னேன். வெளியாள் தொட்டாத்தான் நீ தடுக்கணும், நாங்க பேரவைன்னுட்டாங்க."

அவள் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தாள். டீசல் வாடை அடித்தது. கையை உதறவும் மனம் வராமல், மூடிய கையோடு அப்படியே நின்றாள்.

கட்டுமானம் எதுவும் கூடாத அந்த இடத்தில் ஒரு பெரிய பந்தல் எழும்பியிருந்தது. பந்தலுக்குள் நீர் தெளிக்கும் விசிறிகள், செம்பருத்திச் சாறு, ஐஸ் கட்டிகள். கினாவி மட்டும் வெளியே, வெள்ளைப் பாறையின் அருகில், விறைப்பாக நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. படத்தில் அது நன்றாக இருக்கும் என்று ஃபிக்ரி சொல்லியிருந்தார். மந்திரி தாமதமானார். சூரியன் உச்சிக்கு வந்தது. சுண்ணாம்பில் பட்ட வெயில் திரும்பி அவன் முகத்தில் அடித்தது.

இன்ஸாஃப் ஃபிக்ரியிடம் போனாள். "அந்த ஆளை உள்ள கூப்பிடுங்க. ஒரு வாய் தண்ணியாவது குடுங்க."

"இப்ப அசைஞ்சா வரிசை கெட்டுப் போயிரும் டாக்டர். மந்திரி பாலத்தைத் தாண்டிட்டார்."

அவளே ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு நடந்தபோது, சீருடைக்காரர் ஒருவர் மரியாதையாக அவள் கையைப் பிடித்து இருக்கையில் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

மந்திரி வந்தார். ஜெனரல் பேசினார். "மதிப்புக்குரிய மந்திரி அவர்களே! மற்ற நாடுகள் தங்கள் பாறைகளை மழைக்கும் காற்றுக்கும் விட்டுவிட்டன. நாம் விடவில்லை. இயற்கை பல கோடி ஆண்டுகள் முயன்றும் இந்தக் குன்றை மட்டமாக்க முடியவில்லை. பேரவை அதை ஒரே வாரத்தில் செய்து முடித்தது!"

கைதட்டல் ஓய்ந்ததும் இன்ஸாஃபின் கையில் பொன்முலாம் பூசிய சுத்தியலைக் கொடுத்தார்கள். அவள் ஜெனரலின் காதருகே சொன்னாள்: "பாஷா, இது பாறை இல்ல. சுண்ணாம்பு."

"படம் எடுக்கிறாங்க. அடிங்க."

"பாஷா..."

"அடிங்கம்மா!"

அவள் அடிக்கவில்லை. ஃபிக்ரி அவள் கையோடு சேர்த்துச் சுத்தியலைப் பிடித்து அடித்தார். வெள்ளைத் துண்டு ஒன்று பெயர்ந்து வெல்வெட் தட்டில் விழுந்தது. அந்தக் கணத்தில்தான் கினாவியும் விழுந்தான். முழங்கால் மடியாமல், கம்பம் சாய்வதுபோல. மந்திரிக்குச் செய்யும் வணக்கத்தின் ஒரு பகுதி என்று நினைத்துப் பந்தலில் சிலர் கைதட்டினார்கள்.

ஆம்புலன்ஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஆனால் அது மந்திரியின் வாகன வரிசையைச் சேர்ந்தது. மந்திரியின் கார் கிளம்பாமல் அது கிளம்பக் கூடாது. மந்திரியோ இன்னும் சாப்பிடவில்லை. இன்ஸாஃபும், சமையல் பந்தலிலிருந்து ஓடி வந்த பஹீயாவும் அவனைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் கிடத்தினார்கள். அந்தக் கம்பளிச் சட்டையின் பொத்தான்கள் தொட முடியாத அளவுக்குச் சுட்டன.

"மனுஷா, என்னைப் பாரு. இங்க பாருய்யா," என்று பஹீயா அவன் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே வந்தாள்.

கினாவி கண்ணைத் திறந்தான். "வேலிக் கதவு... பூட்டலையே," என்றான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மாலைத் தொழுகைக்கு அழைப்பு எழுந்தபோது, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு மருத்துவமனையில் அவன் உயிர் போயிற்று.

இளம் மருத்துவர் ஒருவர் இறப்புச் சான்றிதழில் 'இதயம் நின்றது' என்று எழுதினார்.

"வெயில்ல செத்தவர் டாக்டர் இவர்," என்றாள் இன்ஸாஃப்.

"எனக்குத் தெரியாதாம்மா? காலையிலிருந்து இது நாலாவது ஆள்." அவர் குரலைத் தாழ்த்தினார். "வெயில்னு எழுதக் கூடாதுன்னு உத்தரவு. இந்த வருஷம் நம்ம மாகாணத்துல வெயில்னால யாரும் சாகலை."

பஹீயா சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இதயம் எல்லாருக்கும்தானே நிக்கும்? எதனால நின்னுச்சுன்னு எழுத மாட்டீங்களா?"

இலையுதிர் காலத்தில் ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. ஆயிரத்துக்கு இருபத்திரண்டு குறைவு.

ஜெனரல் இன்ஸாஃபை அழைத்து, எழுந்து நின்று கைகுலுக்கினார். "மூணுன்னு சொன்னீங்களே! ஏழு மடங்கு! மூணுக்கு அஞ்சு டிகிரி சூடுன்னா, இதுக்கு முப்பத்தஞ்சு டிகிரி. உலகத்துல எவன்கிட்டயும் இந்த மாதிரி வெப்பம் கிடையாது!"

"பாஷா, நீங்க அளந்தது சுண்ணாம்பை. சுண்ணாம்பு காயும்போது காத்துல இருக்குற கரியை உறிஞ்சும். அதுலயும் இலேசான கரியைத்தான் ஓடி ஓடிப் பிடிக்கும். அதான் இவ்வளவு இறங்கியிருக்கு. இது பழைய காலத்துக் காத்து இல்ல. உங்க விழாவுக்கு முந்தின வாரத்துக் காத்து."

ஜெனரல் யோசித்தார். "சுண்ணாம்பு எதுலேர்ந்து பண்றாங்க?"

"சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு."

"சுண்ணாம்புக்கல்லுக்கு என்ன வயசு?"

"பல கோடி வருஷம். ஆனா சுடும்போது..."

"அப்புறம் என்ன? வயசு சரியாத்தானே இருக்கு!"

பத்திரிகையாளர் கூட்டத்தில் இன்ஸாஃபை மேடையில் ஒலிபெருக்கி இல்லாத இருக்கையில், ஒரு பெரிய பூச்சாடிக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். இரண்டு முறை எழுந்தாள்; இரண்டு முறையும் அவளுக்கு மலர்ச்செண்டு கொடுத்தார்கள். ஜெனரலின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"நாற்பத்தெட்டு டிகிரி என்றதும் முணுமுணுக்கிறார்கள்! மின்சாரம் இல்லை என்கிறார்கள், தண்ணீர் இல்லை என்கிறார்கள்! இதே மண் இதைவிட முப்பத்தைந்து டிகிரி அதிகமாகத் தாங்கியிருக்கிறது என்பதைப் பேரவை நிரூபித்துவிட்டது. அன்றைக்கு நத்தையும் சிப்பியும் புகார் கொடுத்தனவா?"

அதை ஒட்டியே பேரவையின் விசாரணையும் முடிந்தது. அந்த இடத்தின் புராதன வெப்பத்தோடு ஒப்பிட்டால் விழா நாளின் வெப்பம் குறிப்பிடத் தக்கதல்ல என்றும், காவலர் கினாவியின் மரணத்துக்கு வெயில் காரணமாக இருக்க முகாந்திரம் இல்லை என்றும் முடிவு செய்தார்கள். கிராமத்தில் அவன் ரகசியமாகக் குடித்திருப்பான் என்று பேச்சு கிளம்பியது. பஹீயா அதைத் தெருக் குழாயடியில் கேட்டாள்.

அந்த வாரமே அவள் பல்கலைக்கழகத்துக்கு வந்து இன்ஸாஃபின் அறை வாசலில் நின்றாள்.

"எனக்கு அவங்க எதுவும் தர வேணாம் தாயி. அவரு வெயில்ல செத்தாருன்னு ஒரே ஒரு இடத்துல யாராவது எழுதட்டும். நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க இல்லையா?"

இன்ஸாஃப் எழுதினாள். நகா ஸுவைல் அளவு பற்றிய திருத்தக் குறிப்பாக, வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு ஒரு சின்னக் கட்டுரை. இடம், நாள், அன்றைய வெப்பம், அன்று அங்கே நடந்தது எல்லாம் முதலில். சுண்ணாம்பு விவகாரம் பின்னால். காவலரின் மரணத்துக்கும் கரிக்கும் என்ன தொடர்பு, அந்த வரியை நீக்கலாமே என்று இதழின் ஆசிரியர் கேட்டார். 'இந்தக் கட்டுரை வெப்பத்தைப் பற்றியது' என்று மட்டும் அவள் பதில் போட்டாள். வரி நின்றது.

வெளிநாட்டு இதழில் நகா ஸுவைல் பெயர் வந்துவிட்டது என்ற சேதி பேரவைக்கு எட்டியதும், ஜெனரல் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்புக் கூடத்தில் மாட்டச் சொன்னார். மாட்டினார்கள். மாலையும் போட்டார்கள். தலைப்புக்குக் கீழே யாரும் படித்துப் பார்க்கவில்லை.

தன் வேலை பறிபோகும் என்று இன்ஸாஃபுக்குத் தெரியும். என்றைக்கு என்பதுதான் தெரியாது. அதற்கு முன்னால் ஒருநாள், பஹீயாவைக் காரில் ஏற்றிக்கொண்டு லுக்ஸருக்குப் போனாள். கூடத்தில் பள்ளி ஆசிரியர்கள் கூட்டம் ஒன்று பேரவையைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தது. குளிரில் பஹீயா கறுப்பு முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு உஸ்தாத்?" என்று சட்டத்தைக் காட்டிக் கேட்டாள்.

ஃபிக்ரி அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஆசிரியர்களைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கிராமத்துத் தாய்மார்களுக்குக்கூட ஆர்வம் வந்திருச்சு, பாத்தீங்களா? வாங்க, எல்லாரும் கேளுங்க. நானே மொழிபெயர்க்கிறேன். தலைப்பு: 'நகா ஸுவைல் அளவு பற்றி ஒரு திருத்தம்'. அதாவது நம்ம அளவைப் பாத்து உலகமே தன்னைத் திருத்திக்கிச்சுன்னு அர்த்தம்."

ஆசிரியர்கள் தலையாட்டினார்கள். ஃபிக்ரி விரலை வைத்து, உரத்த குரலில், வரி வரியாக வந்தார்.

"'மாதிரி எடுக்கப்பட்ட நாளில்... நிழலில் வெப்பம் நாற்பத்தெட்டு டிகிரி. பாறையின் அருகே நிழல் இல்லை. நிழலுக்கு வைத்த கோரிக்கையைப் பேரவை... மறுத்திருந்தது. மந்திரியின் வருகைக்காகக் கம்பளிச் சீருடையில் நிறுத்தப்பட்டிருந்த காவலர்... கினாவி...'"

குரல் நின்றது. விரல் மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் மெல்லத் திரும்பி அந்தக் கறுப்பு முக்காட்டைப் பார்த்தார்; பிறகு அதற்குப் பின்னால் நின்ற இன்ஸாஃபைப் பார்த்தார். ஓர் ஆசிரியர், மீதியை எழுதிக்கொள்ளத் தயாராகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

பஹீயா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"படிங்க உஸ்தாத்," என்றாள். "நல்லாத்தான் படிக்கிறீங்க. நிறுத்தாதீங்க."